களைக்கு அஞ்சிக் கதிரைக் காத்த லுயாண்டோ ஹபீன்சு அம்மையாருக்கு

சாம்பியா நாட்டின் தென் மாகாணத்தில், சிமூண்டே வேளாண் முகாமில், முப்பத்தோராண்டுக் காலம் மக்காச்சோளப் பயிருக்கே தம்மை ஈந்து இன்று பணி நிறைவு பெறும் கள ஆய்வு அலுவலர் திருமதி லுயாண்டோ ஹபீன்சு அவர்களின் திருமுன், உடன் உழைத்தோர் ஒருமனதாய் உவந்து படித்தளிக்கும் மடல்.

மண்ணின் மனமறிந்த மாண்புடையீர்! மேகத்தின் முகம் பார்த்தே மெலிந்துபோன மேன்மையே! கீறிய கோட்டிலும் கிண்டிய குழியிலும் குலை நடுங்க விதையூன்றிக் குன்றெனக் கதிர் குவித்த கொற்றமே! களை முளைத்தது என்று எவரேனும் சொன்னால் கையிலிருந்த கவளத்தைக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டுக் கிளம்பிய கடமையே! வணக்கம், வணக்கம்!

பணி நிறைவு மடல்களில் "அஞ்சா நெஞ்சே" என்று விளிப்பது வழக்கம். நாங்களும் அப்படித்தான் எழுதத் தொடங்கினோம். எழுதியவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தங்களைப்போல் அஞ்சியவரை இம்மாகாணம் கண்டதில்லை அம்மையீர்! இடிக்கு அஞ்சினீர்கள். பாம்புக்கு அஞ்சினீர்கள். அரசு தந்த மோட்டார் சைக்கிளை முதல் கியரைத் தாண்டி ஓட்ட அஞ்சினீர்கள். அது இரண்டு மேடுகளுக்கு அப்பால் முனகத் தொடங்கும்போதே இங்கே தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிடுவோம், தாங்கள் வந்து இறங்குவதற்குள் அது ஆறியும் போய்விடும். ஆனால் இவையெல்லாம் சில்லறை அச்சங்கள். தங்களை விடாமல் பிடித்திருந்த பேரச்சம் ஒன்றே. பயிர் முளைத்து மூன்று நான்கு இலை விடும் நாட்களில், அதற்குப் பக்கத்தில் தலைநீட்டும் பச்சைப் பொடிப் புல். எங்கள் கண்ணுக்கு அது ஒன்றுமேயில்லை. தாங்கள் மண்டியிட்டு, மூக்கு மண்ணில் படுமளவுக்குக் குனிந்து, அதை உற்றுப் பார்ப்பீர்கள். எழும்போது தங்கள் முகத்தில் நிறம் இராது.

அந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்பதை ஒரு மதிய வேளையில், நிலக்கடலை உரித்துக்கொண்டே, தாங்களே எங்களுக்குச் சொன்னீர்கள். தங்கள் தந்தை சுரங்க வேலைக்குப் போய்த் திரும்பாத குடும்பம் அது. பயிர் முளைத்த சமயத்தில் குதிரில் மாவு தீர்ந்தது. தங்கள் அன்னை தூரத்துப் பெரும் பண்ணையொன்றுக்குக் களையெடுக்கக் கூலியாகப் போனார். கூலி மாவைத் தலையில் சுமந்துகொண்டு அவர் திரும்பி வந்தபோது சொந்த வயலில் பயிரைக் காணவில்லை. வயல் முழுக்க இடுப்புயரப் புல். மூத்த மகளாகிய தாங்கள் கையையும் காலையும் ஊன்றித் தவழ்ந்து, புல்லை விலக்கி விலக்கிப் பயிரைத் தேடினீர்கள். கிடைத்ததெல்லாம் நூல் நூலாய், மஞ்சளாய் இருந்தது.

"எங்கம்மா அடுத்தவங்க வயலை அப்படிச் சுத்தமா வெச்சிருந்தா," என்றீர்கள். "அந்த வருஷம் எங்க தட்டுல என்ஷிமாக் களி நாளுக்கு நாள் தேஞ்சுக்கிட்டே வந்துச்சு. கடைசியில தட்டுதான் தெரிஞ்சுது."

அதன்பின் கடலையைத் தின்ன எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

ஆய்வை ஆராதனையாய்ச் செய்த அம்மையீர்! இம்முகாமின் சரிவு நிலத்தில் தாங்கள் வகுத்த பாத்திகளை நாங்கள் மறப்போமா! ஒரு வரிசைப் பாத்திகளை மாடு பூட்டி, மண்ணைப் புரட்டும் கலப்பையால் ஆழ உழுதீர்கள். அடுத்த வரிசையில் உழவே இல்லை. விதை விழும் கோட்டை மட்டும் கொழுவால் கீறினீர்கள். மூன்றாவதில் அதுவுமில்லை, வெயில் காலத்திலேயே மண்வெட்டியால் குழி வெட்டி வைத்து, முதல் மழைக்குக் காத்திருந்தீர்கள். ஒவ்வொன்றிலும் சில பாத்திகளுக்கு உரிய வேளையில் களை எடுத்தீர்கள், சிலவற்றுக்குத் தாமதித்தீர்கள், சிலவற்றை வேண்டுமென்றே விட்டு வைத்தீர்கள். விட்டு வைத்த பாத்திகளின் பக்கம் போகவே தங்களுக்கு மனம் இராது. அளவெடுக்க எங்களைத்தான் அனுப்புவீர்கள்.

ஆண்டுக்கு ஆண்டு அந்தப் பாத்திகள் சொன்னது ஒரே செய்திதான். குழியிலும் கோட்டிலும் விதைத்த பயிர் முதல் மழையையே பிடித்துக்கொள்கிறது. உழவுக்காகக் காத்திருந்து விதைத்த பயிர் அந்த ஈரத்தை இழக்கிறது. ஆனால் உழாத நிலத்தில் களைவிதை மேல் மண்ணிலேயே கிடப்பதால் களை முந்திக்கொண்டு, கூட்டமாய் வருகிறது. உழுத நிலம் சற்றே பொறுக்கும், உழாத நிலம் பொறுக்காது. எந்த நிலமானாலும் மூன்றாவது வாரத்தைத் தாண்டிவிட்டால் பிறகு எத்தனை சுத்தமாய்க் களையெடுத்தாலும் கதிர் பழைய கதிராக வருவதில்லை. தாங்கள் உழவுக்குப் பகைவர் அல்லர். கீழ்ப்பக்கத்துக் களிமண் நிலங்களைச் சில ஆண்டுக்கொருமுறை ஆழ உழச் சொன்னவரே தாங்கள்தாம். ஒரு வழியைச் சொன்னால் அந்த வழியில் உள்ள பள்ளத்தையும் சேர்த்தே சொல்வீர்கள். அதனால்தான் தங்கள் பேச்சைக் கேட்க உழவர்களுக்குப் பயம்; கேட்காமல் இருக்க அதைவிடப் பயம்.

அந்தப் பேரச்சத்துக்கு வந்த பெருஞ்சோதனையை இந்த மன்றத்தில் சொல்லாமல் விட்டால் இம்மடல் மடலாகாது.

மாடுகள் மாண்ட ஆண்டு! உண்ணிக் காய்ச்சல் சிமூண்டேயைச் சூறையாடிய ஆண்டு! காதடியில் கட்டி வீங்கும். மூக்கில் நுரை தள்ளும். நேற்று நுகம் சுமந்த மாடு இன்று எழாது. புதைக்கக் குழி வெட்டிக் கை சோர்ந்துபோய், சடலங்களைக் கொளுத்தினார்கள். அந்தப் புகை எங்கள் துணிகளில் வாரக்கணக்கில் இருந்தது. ஊரிலேயே அதிக மாடு வைத்திருந்தவர் ஹன்டூபா. அவர் தொழுவத்திலும் ஒரே ஒரு ஜோடி மிஞ்சியது. மற்ற வீடுகளில் கட்டுத்தறி மட்டும் நின்றது. மழையோ நெருங்கிக்கொண்டிருந்தது. ஹன்டூபாவின் ஜோடி வரட்டும், வந்தால் உழலாம் என்று வீட்டுக்கு வீடு காத்திருந்தார்கள். ஒரு ஜோடி மாடு ஓர் ஊரை உழுது முடிப்பதற்குள் மழைக்காலமே முடிந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தாங்கள் ஊரைக் கூட்டினீர்கள். கூட்டத்துக்கு முன் விதைக் கொட்டகையின் பின்புறம் போய் வாந்தி எடுத்தீர்கள். எங்கள் களப்பணியாளர் சேலோதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாயைக் கழுவிக்கொண்டு வந்து நின்று, உழாமல் விதைக்கச் சொன்னீர்கள்.

முதலில் எழுந்தவர் ஹன்டூபாதான். உரத்த குரல்காரர். பிள்ளைகளெல்லாம் நகரத்துக்குப் போய்விட்டதால் மனைவி முட்டிண்டாவும் அவருமாக ஊரிலேயே பெரிய வயலைக் கட்டி மேய்ப்பவர். ஊர் வழக்கப்படி, மகளின் பெயரைச் சேர்த்துத் தங்களைச் சோல்வே அம்மா என்றே அழைப்பவர்.

"உழாம விதைக்கணுமா? சோல்வே அம்மா, நீங்க படிச்ச ஊருல பல்லு விளக்காமதான் சோறு திம்பாங்களா?"

கூட்டம் சிரித்தது. மாடுகள் செத்தபின் அந்த ஊர் சிரித்த முதல் சிரிப்பு அதுதான். அதனால் தாங்கள் அது அடங்கும்வரை பொறுத்தீர்கள்.

"சிரிங்க ஐயா. ஆனா மாடு இல்ல. உங்க ஜோடி எல்லார் வீட்டுக்கும் வர்ற வரைக்கும் மழை நிக்காது. குழி வெட்ட மாடு வேண்டாம். கை இருந்தாப் போதும்."

பெண்கள் பக்கமிருந்து முட்டிண்டா கேட்டார்: "களை வருமே, அதுக்கு?"

"வரும். உழுத நிலத்துல வர்றதுக்கு முன்னாடியே வரும். நிறையவும் வரும். அப்ப நீங்க ஒரு நாள் கூட உக்காரக் கூடாது. உக்காந்தா உழுதவங்களை விட மோசமாப் போயிடுவீங்க."

"நீங்க எங்களுக்குத் தைரியம் சொல்றீங்களா, பயமுறுத்துறீங்களா?"

"பயமுறுத்துறேன் அம்மா. நானே பயந்துபோய்த்தான் நிக்கறேன்."

அந்தப் பதிலைக் கேட்டுத்தான் ஊர் மண்வெட்டி எடுத்தது என்று இன்றும் சொல்கிறார்கள். ஹன்டூபா மட்டும் தம் ஜோடியைப் பூட்டித் தம் நிலத்தை உழுதார். உழுது முடித்த கையோடு அந்த ஜோடியிலும் ஒன்று விழுந்தது.

மழை வந்தது. குழிகளில் தேங்கியது, மண்ணில் இறங்கியது. பயிர் ஒரே சீராய் முளைத்தது. ஊரே தங்களை வாழ்த்தியது. தாங்கள் வாழ்த்தை வாங்கிக்கொள்ளவில்லை. குனிந்து மண்ணைப் பார்த்துக்கொண்டே வயல் வயலாய் நடந்தீர்கள். பிறகு அது வந்தது. அறுகும் கோரையும் பெயர் தெரியாத பொடிக்கீரைகளும் பாய் விரித்தாற்போல் ஒரே இரவில் எழுந்தன. குழிக்குள் பயிர், குழியைச் சுற்றிப் பச்சைக் கடல். சில வீடுகளில் பெண்கள் வயலோரம் நின்று அழுதார்கள். "சோறு தர்றேன்னு சொல்லிப் புல்லைத் தந்துட்டாங்க" என்று தங்கள் காதுபடவே பேசினார்கள்.

அதே வாரத்தில் பெரும் பண்ணையிலிருந்து லாரி வந்தது. அங்கேயும் களையெடுப்புக் காலம். களை எடுத்தால் கூலியாக மாவு. குதிர் காலியான வீடுகளில் அடுப்பு எரிந்து நாளாகியிருந்தது. ஜனங்கள் மண்வெட்டியோடு லாரியில் ஏறத் தொடங்கினார்கள்.

செய்தி எட்டியதும் தாங்கள் மோட்டார் சைக்கிளை எடுத்தீர்கள். அன்று அது முனகவில்லை, அலறியது. எந்த கியரில் வந்தீர்கள் என்று தங்களுக்கே தெரியாது. லாரிக்கு முன்னால் வண்டியைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் விரித்து நின்றீர்கள்.

"அம்மா, ஒதுங்குங்க," என்றார் ஓட்டுநர். "நான் யாரையும் கட்டி இழுத்துக்கிட்டுப் போகல."

"இறங்குங்க," என்று ஜனங்களைப் பார்த்துக் கெஞ்சினீர்கள். "இந்த வாரம் போனீங்கன்னா, திரும்பி வந்து பயிரைத் தேடுவீங்க. நான் தேடியிருக்கேன். தயவுசெஞ்சு இறங்குங்க."

லாரியின் மேலிருந்து ஒரு பெண் சொன்னாள்: "பசிக்குது சோல்வே அம்மா."

பசிக்குப் பதில் சொல்லும் பயிர்முறை எதுவும் இல்லை.

"ஒரே ஒரு நாள் குடுங்க," என்றீர்கள் கடைசியில். "நாளைக்குக் காலையில சாப்பாட்டோட வரேன். எல்லாரும் சேந்து, ஒவ்வொரு வயலா, ஒரே கையா எடுத்துடுவோம். சாப்பாடு வரலேன்னா நானே உங்களை லாரியில ஏத்தி விடுறேன்."

லாரி பாதி காலியாகவே போனது. தங்கள் கையில் ஒரு பிடி மாவு கூட இல்லை என்பது இறங்கியவர்களுக்குத் தெரியாது. முகாமுக்குத் திரும்பி வந்து எங்களிடம் அதைச் சொன்னபோது தங்கள் பற்கள் கிடுகிடுவென அடித்துக்கொண்டன. மலேரியாவோ என்று பயந்துபோனோம்.

அந்நாளில் முகாம் தலைவராய் இருந்து, இன்று முன்வரிசையில் பேரப்பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும் முலேயா ஐயா எங்களை மன்னிக்க வேண்டும். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். முந்தைய ஆண்டு ஆய்வுப் பாத்திகளில் விளைந்த மக்காச்சோளம் கிடங்கில் மூட்டை மூட்டையாய்க் கிடந்தது. மேலிடத்து ஆணை வராமல் ஒரு மணியையும் அசைக்கக் கூடாது. தாங்கள் கேட்டீர்கள். ஐயா வெகுநேரம் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பல் வலி," என்றார். "டவுனுக்குப் போறேன். ரெண்டு மூணு நாளாகும். சாவியை எங்கேயோ வெச்சேன், நினைவு இல்ல. இந்த மேசை மேலதான் வெச்சிருப்பேன்."

சாவியைக் கையிலெடுத்த தங்களைவிட, பல் வலியோடு பேருந்து ஏறிய ஐயாவுக்குத்தான் அதிகம் வியர்த்திருந்தது.

வேலை தொடங்கியது. ஒரு வயலில் ஊரே இறங்கும். வரப்போரத்தில் பெரிய பானையில் என்ஷிமா கிண்டுவோம். எங்களில் கிண்டத் தெரியாதவர்கள் களை வெட்டினோம், வெட்டத் தெரியாதவர்கள் விறகு சுமந்தோம். புளித்த சிப்வாந்துக் கஞ்சி குடம் குடமாய் வந்தது. பாட்டு, கேலி, சண்டை எல்லாம் இருந்தன. தங்கள் முகத்தில் மட்டும் மகிழ்ச்சி இல்லை. ஏனென்றால் எந்த வயல் முதலில், எந்த வயல் கடைசியில் என்ற முறையை வகுத்தவர் தாங்கள். கடைசியில் வரும் வயலுக்கு என்ன ஆகும் என்பது இந்த ஊரில் தங்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு எவருக்கும் தெரியாது. தாமதித்த பாத்திகளின் கதிர்களைத் தங்கள் கையால் எடை போட்டவர் தாங்கள்.

உழாத நிலங்களை முதலில் வைத்தீர்கள். ஹன்டூபாவின் வயலைக் கடைசியில் வைத்தீர்கள். அவரும் முட்டிண்டாவும் ஒரு மூலையிலிருந்து தனியே வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெரிய வயலுக்கு இரண்டு பேர் கை எம்மூலைக்கு! அவர் நேரே தங்களிடம் வந்தார்.

"நான் கூட்டத்துல சிரிச்சதுக்குத் தண்டனையா இது?"

"சத்தியமா இல்ல ஐயா. உங்களது உழுத நிலம். களை அடியில போயிருக்கு, மெதுவாத்தான் வரும். அவங்க நிலம் ஒரு நாள் பொறுக்காது. உங்களது கொஞ்சம் பொறுக்கும்."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"மூணாவது வாரம் முடியறதுக்குள்ள வந்துடுவோம்."

"வரலேன்னா?"

அவர் தங்கள் முகத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க மூஞ்சியைப் பாத்தா எனக்கும் பயம் வருது, சோல்வே அம்மா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதன்பின் வானம் உடைந்தது. விடாத மழை. நனைந்த மண்ணில் வெட்டிப்போட்ட புல் மறுநாளே வேர்பிடித்து எழுந்து நிற்கும் என்பதால் வேலையை நிறுத்தினீர்கள். ஹன்டூபாவின் வயல் மட்டுமே மிச்சம். இன்று விடும், நாளை விடும் என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். மழை விடவில்லை. உழுத நிலத்தில் மெதுவாக வந்த களை இப்போது விறுவிறுவென்று வந்தது. தாங்கள் தினமும் அந்த வயலுக்கு நடந்துபோனீர்கள். போய் என்ன செய்ய முடியும்? ஒன்றும் செய்ய முடியாது. போகாமல் இருக்கவும் முடியாது. பயிரின் அடியிலை மஞ்சளாவதைப் பார்த்தீர்கள். புல்லின் நுனி பயிரின் தோளைத் தொட்டதைப் பார்த்தீர்கள்.

வரப்பில் கோணிச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஹன்டூபா உட்கார்ந்திருப்பார்.

"பாத்துக்கிட்டே இருந்தா களை கூச்சப்பட்டு நின்னுடுமா?" என்றார் ஒரு நாள். முட்டிண்டாதான் வீட்டிலிருந்து வந்து, சிப்வாந்துக் குவளையைத் தங்கள் கையில் திணித்தார்.

"குடிங்க. நீங்க படுத்துட்டீங்கன்னா எங்களைத் திட்டக்கூட ஆள் இருக்காது."

வெயில் வந்த நாளில் இன்னொரு அச்சம் காத்திருந்தது. உழாத வயல்களில் இரண்டாவது களை எழுந்துவிட்டது. ஊர் கூடி நின்றது. "எங்க வயலை விட்டுட்டு எப்படி வர்றது?" என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஹன்டூபாவின் வயலை நோக்கி நடந்தீர்கள். திரும்பிப் பார்க்கப் பயந்து, திரும்பியே பார்க்கவில்லை.

அம்மையீர், இந்த இடத்தில் ஊரே திரண்டு தங்கள் பின்னால் வந்தது என்று எழுத எங்களுக்கு ஆசைதான். வரவில்லை. பாதிப்பேர் வந்தார்கள். பாதிப்பேர் தத்தம் வயலுக்குப் போனார்கள். போனவர்கள் மேலும் குற்றமில்லை. வந்த பாதியும் நாங்களுமாகக் கை கொப்பளிக்க வெட்டினோம். வயலின் கீழ்ப்பாகம் முடிந்தது, நடுப்பாகம் முடிந்தது. மேல்பாகத்தை எட்டுவதற்குள் மறுபடி மழை பிடித்துக்கொண்டது. பிறகு அங்கே களையெடுத்தபோது அது ஒப்புக்குச் செய்த வேலைதான்.

அறுவடை வந்தது. குழிகளிலும் கோடுகளிலும் விதைத்து, வேளையோடு களையெடுத்த வீடுகளில் மாடு இருந்த காலத்தைவிடக் கனமான கதிர்! குதிர் போதாமல் கூரைமேல் உலர்த்தினார்கள். ஊர் தங்களைத் தூக்கி வைத்து ஆட வந்தபோது தாங்கள் அங்கே இல்லை. ஹன்டூபாவின் வயலில் நின்றுகொண்டிருந்தீர்கள்.

அந்த வயலில் ஒரு கோடு இருந்தது. களையெடுப்பு நின்ற இடத்தில், ஆற்றங்கரை போல், ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே ஆளுயரத் தட்டை. மேலே முழங்கால் உயரச் சருகு. அவர் கீழே ஒரு கதிரையும் மேலே ஒரு கதிரையும் ஒடித்துத் தங்கள் இரண்டு கையிலும் வைத்தார். ஒன்று முன்கையளவு. மற்றது விரலளவு, அதிலும் பாதி மணி இல்லை.

"ஒரே விதை. ஒரே உழவு. ஒரே மழை," என்றார். "பாத்தீங்களா?"

தாங்கள் அழுதீர்கள். "நான்தான் ஐயா உங்களைக் கடைசியில வெச்சேன்."

"ஆமா, நீங்கதான்," என்றார் அவர். ஆறுதலாக ஒரு பொய் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. "முட்டிண்டா ரெண்டு நாள் உங்களைத் திட்டினா. மூணாவது நாள் பக்கத்து வீட்டுக்காரங்க கூடை கூடையாக் கொண்டுவந்து எங்க குதிர்ல கொட்டினாங்க. நீங்க அவங்களை முதல்ல வெக்கலேன்னா அவங்க குதிர்ல என்ன இருந்திருக்கும்? யார் யாருக்குக் கொட்டியிருப்பாங்க? அழாதீங்க. அடுத்த வருஷம் நான் உழப்போறதில்ல. என் வயலை முதல்ல வையுங்க."

வைத்தீர்கள்.

அதற்குப் பிறகும் மழை பொய்த்த ஆண்டுகள் உண்டு, புழு விழுந்த ஆண்டுகள் உண்டு. மாடுகள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. ஆனால் மழைக்காலம் தொடங்கியதும் பெரும் பண்ணைக்குப் போகும் லாரி, சிமூண்டே வயல்களில் முதல் களை முடியும்வரை வராமல் இருக்கக் கற்றுக்கொண்டது. வந்தாலும் ஏற ஆளில்லை. இந்த மாற்றத்துக்குத் தங்கள் பெயரை எவரும் வைக்கவில்லை. தாங்களும் விரும்பியிருக்க மாட்டீர்கள். பெயர் வைத்தால் அடுத்த ஆண்டு அது பொய்த்துப்போகும் என்று அதற்கும் அஞ்சியிருப்பீர்கள்.

நடுங்கியும் நகராது நின்ற நற்றுணையே! வீரத்தை வாயால் பேசியோர் பலரை இம்முகாம் வழியனுப்பியிருக்கிறது. பயந்துகொண்டே சரியான வேளையில் சரியான வயலுக்குப் போய்ச் சேர்ந்தவர் என்று தங்களைத்தான் சொல்ல முடியும். தங்கள் அச்சத்தை எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறோம். அந்த அச்சத்தின் நிழலில்தான் எங்கள் வீட்டு உலையும் கொதித்தது.

இந்த ஆண்டு மழை பிந்தி வந்திருக்கிறது. தாங்கள் விடைபெறும் இந்த நாளில் சரிவுப் பாத்திகளில் பயிர் இரண்டாம் இலை விட்டிருக்கிறது. வானிலையாளர்கள் ஒன்று சொல்கிறார்கள், வானம் வேறொன்று சொல்கிறது. கிழக்கே மூன்று ஊர்களில் மாடுகளுக்கு மீண்டும் காதடி வீங்குவதாகச் செய்தி வந்திருக்கிறது. விழா முடியும்வரை தங்கள் காதில் போட வேண்டாம் என்று நினைத்தோம், முடியவில்லை. நாளை காலையில் எந்த வயலுக்கு முதலில் போவது என்று சொல்ல இங்கே தாங்கள் இருக்க மாட்டீர்கள். எங்களுக்குள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம். எவர் முகத்திலும் நிறம் இல்லை.

ஆகவே அம்மையீர், நீண்ட ஆயுளும் நிறைந்த நலமும் பெற்று, கணவர் துணையோடும் மகள் சோல்வேயின் மக்களோடும் மகிழ்ந்து வாழ்க! தங்கள் தட்டு என்றும் நிறைந்திருப்பதாக! மழை கொட்டும் விடியலில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, எந்த வயலும் நினைவில் வராமல், மதியம்வரை உறங்குக! தங்கள் மேசையைக் காலி செய்து தந்தீர்கள், சாவிகளை எண்ணித் தந்தீர்கள், மோட்டார் சைக்கிளையும் மகிழ்ச்சியோடு தந்தீர்கள். அந்தப் பயத்தையும் இங்கேயே விட்டுச் செல்லுங்கள். அது எங்களுக்கு வேண்டும்.

அன்போடும் அச்சத்தோடும்,

சிமூண்டே வேளாண் முகாமின்
அலுவலர்கள், களப்பணியாளர்கள், ஓட்டுநர்கள், காவலர்கள்
தென் மாகாணம், சாம்பியா